எந்தக் காது

படம் ஒட்டும் அட்டையை நான் வெட்டினேன்; கோதுமைமாப் பசையை அப்பா தடவினார். 1993 ஒக்டோபர், ஞாயிறு பூசைக்குப் போட்ட கோட்டை அவர் இன்னும் கழற்றவில்லை. மேசையில் பழைய வேதாகமம் ஒன்றிலிருந்து கழன்ற தாள், முந்நூறு வருடங்களுக்கு முன் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தது. கெத்செமனித் தோட்டம். சீடர் இராயப்பர், இயேசுவைப் பிடிக்க வந்த ஊழியன் ஒருவனின் காதை வெட்டிவிட்டார். இயேசு குனிந்து அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்குகிறார்.

"பிள்ளை, எந்தக் காது?" பூதக்கண்ணாடியை நீட்டினார்.

"இடது."

"சுவிசேஷத்தில அருளப்பர் வலதெண்டெல்லோ எழுதினவர். செதுக்கினவன் நித்திரையோ?"

அப்பா ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில், நாங்கள் குடியேறிய மனோர் பார்க்கிலிருந்து பஸ் ஏறிப் பழைய சாமான் சந்தைக்குப் போவார். அவரைக் கண்டதும் கடைக்கார வெள்ளையன் தன் காதைத் தொட்டுக் காட்டுவான். இந்த ஒரு காட்சியை மட்டுமே வாங்குவார்; சுவர் நிறைய அதுதான்.

"மற்றச் சனம் ஆண்டவற்ற முகத்தைப் பாக்கும். இவர் காதைப் பாக்கிறார்" என்பார் அம்மா.

நான் மின்சுற்றுப் பலகைகள் வரைபவள்; கண்ணாடியில்போல் புரண்டு விழும் படங்கள் எனக்குப் பழக்கம். "பிழையில்லை அப்பா. இன்னொருத்தற்ற படத்தைப் பாத்து அப்பிடியே தகட்டில செதுக்கினா, அச்சில இடம் வலம் மாறும்."

"அப்ப ஒருத்தரிலயும் குற்றமில்லை எண்டுறாய்."

நான் தாளை அட்டையில் பதித்து அழுத்தினேன்.

எட்டு வயதில், மன்னாரில், அவருடைய றேடியோவைக் கழற்றிப் போட்டேன். அறைந்தார். அன்றிலிருந்து என் இடது காது கேட்பதில்லை. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. தெருவிலும் கோயிலிலும் எப்போதும் என் வலப்பக்கமாகவே வந்தார். டொக்டர்மார் கேட்டால் அம்மா "காய்ச்சல்" என்பார். வளர்ந்தபின் நானும் அதையே சொன்னேன்.

வழிந்த பசையை அப்பா பெருவிரலால் துடைத்தார்.

"வாற மாதம் எட்டாம் திகதி காது கிளினிக்குக்கு நானும் வாறன்."

"உங்களுக்கு ஷிப்ட் எல்லோ?"

"லீவு கேட்டாச்சு. இந்த முறை காய்ச்சலெண்டு சொல்லாத. நான் சொல்லுறன்."

அந்த வியாழக்கிழமை வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் வீடு திரும்பவில்லை.

எட்டாம் திகதி தனியே போனேன். என் வலப்பக்கக் கதிரையில் யாரும் இல்லை. டொக்டர் கோப்பைத் திறந்து, காது எப்படிப் போனது என்று கேட்டார்.

"அதைச் சொல்ல அப்பா வருவதாக இருந்தது" என்றேன்.