பனி ஏரிக்குச் சுமந்த தண்ணீர்

நான் வேலணைத் தீவில் இருப்பவள். சுவிஸில் உள்ள அக்காவிடம் போயிருந்தபோது, மலைமேல் பனி உருகித் தேங்கும் ஓர் ஏரிக்கு நடந்து போக ஆயத்தமானோம். "தடிச்ச ஜக்கெற்றை மறக்காமல் வை" என்றார் அக்கா.

வெளியே நல்ல வெயில். எங்கள் தீவுகளில் பயணம் என்றால் முதலில் எடுப்பது நல்ல தண்ணீர்தான். போகிற இடத்துக் கிணறு உவராக இருக்கும். அதனால் ஜக்கெற்றை எடுத்துவிட்டு, பைக்குள் ஐந்து பெரிய போத்தல் தண்ணீரை அடுக்கினேன்.

ஐந்து மணிநேர ஏற்றம். முதுகு முறிந்தது. ஒரு போத்தல்தான் முடிந்திருந்தது. ஏரியை அடைந்ததும் வெயில் மறைந்து பனி தூறத் தொடங்கியது. கைகள் விறைத்தன. பல் கிடுகிடுத்ததில் பேச முடியவில்லை.

"ஜக்கெற் எங்கை?" அக்கா என் பையைத் திறந்து பார்த்தார். ஏசவில்லை. தன்னுடையதைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

"தண்ணியை ஊத்திப்போட்டு வா. கெதியா இறங்கவேணும்."

நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அக்காவுக்கு அது விளங்கியது. "ஏரிக்குள்ளை ஊத்திறன். வீணாப் போகாது" என்று, நடுங்கிக்கொண்டே நான்கையும் ஊற்றினார்.

இப்போது எங்கே போனாலும் அந்தந்த ஊர்க்காரர் சொல்வதையே பையில் வைக்கிறேன்.

போன மாதம் அக்கா ஊருக்கு வந்தார். நெடுந்தீவுக்குப் புறப்படுமுன், "தண்ணி எடுத்து வையுங்கோ" என்று சொல்லியிருந்தேன். படகில் அவருடைய பையைத் திறந்தேன். உள்ளே ஒரு ஜக்கெற் மட்டும் இருந்தது.

நானும் ஏசவில்லை. என் போத்தலை நீட்டினேன்.