அரைப் பீரங்கி

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கூடத்தில் றோசாவுக்கு இருபத்திரண்டு வருடச் சேவை. அவள் அடுக்கிய தட்டு வண்டி ஒன்றுகூடக் குறையென்று திரும்பி வந்ததில்லை. அதை அவளே சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். ஆனால் செயின்ட்-மிஷேலில் இருக்கும் மன்னார் ஊர்ச்சங்கத்துக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவள் சுடும் மீன் பற்றீஸ் மட்டுந்தான். எந்த விழா என்றாலும் குசினி அவளுக்கு, மேடை மற்றவர்களுக்கு. அதைப் பற்றி அவளும் வாய் திறந்ததில்லை.

இந்தமுறை சங்கம் கொஞ்சம் பெரிதாகவே ஆசைப்பட்டது. மன்னார்க் கரையை அந்தக் காலத்தில் எப்படிக் காத்தார்கள் என்று ஒரு கண்காட்சி. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையின் படங்கள், நடுவில் ஒல்லாந்தர் காலத்து வரைபடம் ஒன்றின் பெரிய பிரதி. எல்லாவற்றுக்கும் பொறுப்பு பேரின்பநாதன். செயின்ட்-லோரன்ட்டில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடம் என்றால் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பது அவருடைய எண்ணம்.

சனிக்கிழமை திறப்பு. புதன்கிழமை பின்னேரம் அவர் எழுதிய விளக்கத்தை றோசாவின் மகள் அஜிதா வீட்டில் இருந்து பிரெஞ்சில் பெயர்த்துக்கொண்டிருந்தாள். கோட்டையைச் சுற்றிக் காணும் இலக்கங்கள் அங்கங்கே நிறுத்திய பீரங்கிகளின் எண்ணிக்கை, மொத்தம் முப்பத்தொன்று என்று அதில் எழுதியிருந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த றோசா கையைக் கழுவிவிட்டு வந்து மகளின் கணினியில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். இலக்கங்கள் எல்லாம் கடலுக்குள் கிடந்தன. மன்னார்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒடுங்கிப் போகும் நீர்ப்பாதை நெடுக மூன்று, இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று குறைந்துகொண்டே வந்தன.

அவளுக்கு அது படிக்கத் தெரியாத படம் அல்ல. அவளுடைய தகப்பன் அதே தீவில், பேசாலையில் கடற்றொழில் செய்தவர். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று பதினாலு வயது வரை அவளைத்தான் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். ஊர் வாயில் போட்டு மென்றது, அவர் காதில் வாங்கவில்லை. மணல்திட்டுப் பக்கம் வந்தால் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விடுவார். அது நிலத்தில் முட்டியதும் அவள் இழுத்து, இரண்டு கையையும் விரித்து அளந்து, எத்தனை பாகம் என்று கூவவேண்டும். தப்பாகக் கூவினால் வள்ளம் தரை தட்டும்.

அவளுக்குக் கோபம் வந்தது. நாலு பேர் பிழையாகப் பேசிவிட்டுப் போகும் கதை என்றால் விட்டுவிடலாம். தன் கடலைப் பற்றிய பிழை, தன் மகள் கையாலேயே, இரண்டு மொழியில் சுவரில் தொங்கப்போகிறது.

வியாழன் வேலை முடிந்ததும் நேரே மண்டபத்துக்குப் போனாள். பேரின்பநாதன் ஏணியில் நின்று படத்தைக் கொழுவிக்கொண்டிருந்தார். பற்றீஸ் எத்தனை தேவை என்று கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, இருநூறு காணும் என்றார்.

“அண்ணை, இந்த இலக்கம் பீரங்கி இல்லை. தண்ணியின்ர ஆழம்.”

அவர் சிரித்தார். தான் ஆறு மாதம் இந்தப் படத்தோடு மாரடித்ததைச் சொன்னார். றோசா விரலை ஓரிடத்தில் வைத்தாள்.

“இதிலை ஒண்டரை எண்டு கிடக்கு. அரைப் பீரங்கி எப்பிடிச் சுடும் அண்ணை?”

அது சின்னப் பீரங்கியாக இருக்கலாம் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏணியிலிருந்து இறங்கினார்.

றோசா சொல்லிக்கொண்டே போனாள். பெரிய கப்பல் இந்தக் கரைக்குக் கிட்டவே வராது, மணல் பிடித்துவிடும். படையோ பண்டமோ, வள்ளத்தில் மாற்றி இந்த ஒரு பாதையால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரவேண்டும். அந்தப் பாதையைப் பார்த்தபடி கோட்டை இருக்கிறது. கடல்தான் மதில், கோட்டை வெறும் தாழ்ப்பாள்.

பேரின்பநாதன் ரோசக்காரர். தமிழ்ப் பலகை அச்சடித்து மாட்டியாயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. விளக்கப் பலகையைத் தானே கழற்றினார். வெள்ளிக்கிழமை முழுவதும் அஜிதாவோடு இருந்து இரண்டு மொழியிலும் புதிதாக எழுதினார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. ஒலிவாங்கியைப் பிடித்த பேரின்பநாதன், முப்பத்தொரு பீரங்கியைக் கடலுக்குள் இறக்கியவர் தான்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, குசினியிலிருந்து றோசாவைக் கூப்பிட்டார். ஏப்ரனோடு வந்து நின்ற தாயின் பக்கத்தில் அஜிதாவும் போய் நின்றாள். றோசாவுக்குப் பதற்றமே இல்லை. கையை விரித்து ஒரு பாகத்தைக் காட்டி, பாதையை அதன் கடல்வாயிலிருந்து கோட்டை வரை விளக்கினாள். அஜிதா பிரெஞ்சில் சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தெரியாத கடலை ஒல்லாந்தர் இவ்வளவு திருத்தமாக அளந்திருக்கிறார்களே என்று வியந்தார். அஜிதா அதைத் தமிழில் சொன்னதும் றோசா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“படம் கீறினது அவங்கள்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தத் திட்டுக்குள்ளை அவங்களைத் தரை தட்டாமல் கூட்டிக்கொண்டு போனது ஆர்? வள்ளத்திலை இருந்து ஆழம் கூவினது எங்கட ஆக்கள். இதை அப்பிடியே சொல்லு, அஜிதா.”

அஜிதா அப்படியே சொன்னாள்.