முதலில் பார்க்க வேண்டிய இடம்

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதில் நம் மெக்கானிக்கை மிஞ்ச ஆள் கிடையாது, தற்பெருமையிலும்தான். "மெஷினைத் திறக்கறதுக்கு முன்னாடி கரண்ட் வருதான்னு பாரு" என்பதுதான் அவருடைய வேதம். பாதி வீடுகளில் கோளாறு பிளக்கிலேயே இருக்கும்.

அவருக்குக் கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. அவருடைய அம்மா போனில் மருமகளைத்தான் கரித்துக்கொட்டினாள். மனைவியும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரரை விந்துப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா சொல்லும்போதெல்லாம் அவருக்கு அவசர வேலை முளைத்துவிடும்.

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்!"

கடைசியில், மனைவியின் வயிற்றில் துளை போட்டுப் பார்க்கலாமா என்று பேச்சு வந்தது. அன்று அவள் நேராகக் கடைக்கு வந்து அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

"மெஷினைத் திறக்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?"

"கரண்ட் வருதான்னு."

"அதைப் பாக்காம என்னை மட்டும் பிரிச்சுப் போடறீங்களே, நல்லா இருக்கா?"

அந்த வாரமே கிளினிக்கில் சின்ன டப்பாவோடு அறைக்குள் போனவர், தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று ஆட்டி ஆட்டிப் பார்த்ததில், அதுவே கழன்று கையோடு வந்துவிட்டது!

முடிவு வந்தது. விந்தணுக்கள் குறைவு, விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தது.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா. "சின்ன ஆபரேஷன்ல சரியாக வாய்ப்பிருக்கு. இல்லாட்டி விந்தைச் சுத்தம் பண்ணிக் கருப்பையில செலுத்தலாம். அதுவும் கைகொடுக்கலன்னா, கருவை வெளியிலேயே உருவாக்கி உள்ளே வைக்கலாம். உங்க மனைவிக்கு இப்போ எதுவும் செய்ய வேண்டியதில்ல."

வாசலுக்கு வந்ததும் மனைவி மெல்லச் சொன்னாள்: "வெளிய சொல்ல வேணாங்க. பேச்சு கேட்டு எனக்குப் பழகிடுச்சு."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"என்னடா, அவளுக்கு என்னவாம்?"

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. குறை எனக்குத்தான். ஆபரேஷனும் எனக்குத்தான்."

"அவகிட்ட போனைக் குடு" என்றாள் அம்மா.

"சொல்லுங்க அத்தை."

"ஏம்மா, நான் பேசினதுக்கெல்லாம் திருப்பி ஒரு வார்த்தை கேக்காமலே இருந்துட்டியே!"

"இனிமே கேக்கறேன் அத்தை" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

"கேளு. இப்பவே ஆரம்பி" என்றாள் மாமியார்.