குறையாமல் நின்ற நிழல்

அந்த எண்ணம் ஜெபக்கூடத்து ஜன்னலோரத்தில்தான் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. 1976, ஏலக்காய் எடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சாந்தன்பாறைப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் நோயாளியின் எக்ஸ்ரே படத்தையும் ஜெபத்துக்குக் கொண்டுவருவோம். சபையார் அதன்மேல் கைவைத்து மன்றாடுவார்கள். அன்று வைத்திருந்தது என் படம்.

எனக்கு இருபத்திரண்டு வயது. இடது நெஞ்சில் வட்டமாக ஒரு நிழல். முதுகிலிருந்து விலாவைச் சுற்றிக்கொண்டு வரும் வலி. டி.பி. என்று ஒரு வருடமாக ஊசி. தனித் தட்டு, தனி டம்ளர். ஆசிரியர் பயிற்சிக்குக் கிடைத்த இடமும் போயிற்று. "இந்த நிழலை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுவிட்டது.

அம்மா பழைய படம், புதுப் படம் இரண்டையும் ஒரே உறையில் கொண்டுவந்திருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு நிழலும் அப்படியே பொருந்தின.

"கொஞ்சங்கூடக் கொறையலியே ராசா! ஒரு வருசமா முழங்கால் தேய ஜெபிச்சோமே" என்று அம்மா அழுதாள்.

"கூடவும் இல்லியேம்மா!" என்றேன். ஊசிக்கும் கரையாமல், தானாகவும் வளராமல் ஒரே அளவில் நிற்பது டி.பி.தானா?

எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டரிடம் போய் இதையே கேட்டேன். அவர் சிரித்தார். "எஸ்.எஸ்.எல்.சி. பாஸானா டாக்டராடே? சரி, பெரிய ஆஸ்பத்திரில போய்க் காட்டு. ஆனா அவங்க சொல்ற வரைக்கும் ஊசிய நிறுத்தாத."

போடிமெட்டு இறங்கி மதுரை போனோம். டாக்டர் இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார். சளியைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார்கள். நிழல் நுரையீரலில் இல்லை! பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருந்தது.

"நரம்போட உறையில வளர்ற கட்டி மாதிரி இருக்கு தம்பி. பெரும்பாலும் சாதுவானது. எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதி. வருசம் முழுக்க மாறாம இருந்திருக்கே, அதுதான் எனக்குத் தைரியம்" என்றார் டாக்டர்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறைந்துபோகட்டும் என்று நாங்கள் கேட்டோம். கர்த்தரோ அதை அசையாமல் நிறுத்தி வைத்திருந்தார். பதில் வரவில்லை என்று அழுத அத்தனை நாளும் பதில் என் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

முதுகெலும்பை ஒட்டிய இடம், ஆபரேஷனில் கால் விளங்காமல் போகவும் கூடும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். பயந்தேன். ஜெபத்தை மாற்றிக்கொண்டேன்: "ஆண்டவரே, டாக்டர் கையைப் பிடித்துக்கொள்ளும்." விலா இடுக்கைத் திறந்து கட்டியை முழுசாக எடுத்தார்கள். விழித்ததும் கால்விரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது! நெஞ்சில் குழாயோடு கிடந்தபோதே, புற்று இல்லை என்று சோதனை முடிவும் வந்தது. அம்மா தன் தட்டிலிருந்தே எனக்குச் சோறு ஊட்டினாள். ஸ்தோத்திரம்!

இப்போதெல்லாம் கேட்டுவிட்டுச் சும்மா உட்காருவதில்லை. ஜெபிக்கிறேன், கண்ணைத் திறந்தும் பார்க்கிறேன். பதில் காணாமல் சோர்ந்திருக்கும் பிரியமானவர்களே, நீங்களும் அவரை நம்பி அப்படிப் பாருங்கள். டி.பி.தான் என்று உறுதியானவர்களுக்கு ஊசியும் அவருடைய கிருபைதான், விட்டுவிடாதீர்கள்.

கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தாவீது அண்ணன் வெகுநாளாக இருமுகிறார். சளிச் சோதனைக்குக்கூடப் போனதில்லை. "போலே! உன் நெஞ்சக் கிழிச்சது பத்தாதுன்னு எனக்கும் ஆள் புடிக்கியா?" என்று விரட்டுகிறார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவரை ஏற்றிவிடுவதென்று இருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை. இதை எழுதி முடித்த கையோடு மறுபடியும் போய்க் கேட்பேன்.