பன்னிரண்டு பித்தளைப் பானைகள்

என் கணவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அதில் ஊசி குத்தி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வர ஏழு நாள் ஆகும் என்றார்கள். அந்தக் கிழமையில்தான் அவருடைய தங்கை பன்னிரண்டு மண்பானைகளைக் கொண்டுவந்து கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் இறக்கினாள். தன் மகளின் கலியாண மேடையில் இருபுறமும் அடுக்க வேண்டுமாம். பித்தளை போலத் தெரிய வேண்டுமாம். கட்டியைப் பற்றி அவளிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. "ஓம், செய்து தாறன்" என்றேன். எனக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

மருதானையில் ஒரு கடையில் பித்தளை நிற ஸ்பிரே பெயின்ட் டின்கள் வாங்கி வந்து, பால்கனியில் பேப்பர் விரித்து, அன்றே முதல் பானைக்கு அடித்தேன். மண் பெயின்ட் முழுவதையும் குடித்துவிட்டது. காயுமுன்பே இன்னொரு தரம், அதன்மேல் இன்னொரு தரம் அடித்தேன். பெயின்ட் கோடுகோடாக வழிந்தது. கடற்காற்றில் பறந்த துளிகள் பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையில் படிந்தன. அந்த வீட்டுப் பெண் சத்தம் போட்டாள். மன்னிப்புக் கேட்கும்போதே என் கண் ஃபோனைத் தேடியது.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

"முதல்ல பிரைமர் அடிங்க மிஸ். அது காஞ்ச பிறகு ஸ்பிரேய மெல்லிசா அடிங்க. ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம் விடணும்."

அந்த அரை மணித்தியாலம்தான் என்னால் முடியவில்லை. குசினிக்குப் போய் அடுப்பைப் பார்ப்பேன், திரும்பி வருவேன், விரலால் தொட்டுப் பார்ப்பேன். விரல் அடையாளம் விழும். மூன்றாவது பானையும் கெட்டபோது கணவர் கதிரையை இழுத்துப் பால்கனி வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"நீர் அடியும். நேரத்தை நான் பாக்கிறன். நான் சொல்லுமட்டும் தொடக்கூடாது."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அதுக்காகப் பானையளைப் பழுதாக்கோணுமே?"

கெட்டவற்றைத் தேய்த்துத் திரும்ப அடித்ததோடு சேர்த்து ஒன்பது பானைகள் முடிந்திருந்தன. பத்தாவதற்கு டின்னைக் குலுக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். நகக்கண்களில் பெயின்ட்டோடு அவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். புற்றுநோய்தான், ஆனால் மெதுவாக வளரும் வகை, வெட்டி எடுத்தால் சரியாகும் என்றார் டொக்டர்.

மீதியை அன்று பின்னேரமே அடித்து முடித்தோம். கலியாணம் கழிந்த மறுநாள் தங்கையிடம் சொன்னோம். அவள் அழுதுகொண்டே கோபித்தாள்.

"ஏன் அண்ணா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ கலியாணத்தைத் தள்ளிப் போடுவாய்" என்றார்.

ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டு மாதம் அவர் குரல் கரகரத்தது. ஃபோனில் பேசினால் யார் என்று கேட்டார்கள். இப்போது குரல் திரும்பிவிட்டது. ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் கதைக்காமலிருந்தால், ஏதாவது சாக்குச் சொல்லி மற்ற அறையிலிருந்து கூப்பிடுகிறேன்.