ஒரே மூச்சில் ஒரு வாக்கியம்

உடம்பு நன்றாக இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன முதல் ஆள் அந்த டாக்டரம்மாதான். அதுவரை மூச்சிழுப்பு முற்றிய பிறகுதான் நான் அங்கே போவேன். யாராவது பெச்சா என்ற மூன்று சக்கர மிதிவண்டியைக் கூப்பிட்டு ஏற்றிவிடுவார்கள். கையில் ஓர் ஊசி. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறந்துகொள்ளும், விரல்கள் நடுங்கும். பெஞ்சில் உட்கார்ந்து நடுக்கம் அடங்கியதும் தனியாக நடந்து திரும்புவேன். அடுத்த இழுப்பு வரும்வரை அதைப் பற்றி நினைக்கமாட்டேன்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. என் அண்ணன் வேலை பார்த்த தோட்டமும் கைமாறியது. அவர் மனைவி மக்களோடு கப்பலேறி, எங்கள் அப்பா பிறந்த ஊருக்குப் போய்விட முடிவு செய்தார்.

“நீயும் வந்துடுடா. இங்க யாரு இருக்கா உனக்கு?” என்றார் துறைமுகத்தில்.

“அங்க மட்டும் யாரு இருக்காண்ணே? நான் பொறந்தது இங்கதான். நீங்க போங்க.”

அப்பாவும் அம்மாவும் முன்பே இறந்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இழுப்புக்காரனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவும் இல்லை. கப்பல் போனபின் மலாக்காவுக்குத் திரும்பி, வழக்கம்போல் வேலைக்குப் போனேன். டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் மளிகைக் கடை அது. காஜா பேராங் என்ற பகுதியில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்து மலாய் பேசும் ஒரு செட்டிக் குடும்பத்து விதவையின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. அவர்கள் பேசும் மலாய் எனக்குப் பாதிதான் விளங்கும். மாமி என்ற ஒரு சொல் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதை வைத்துக்கொண்டே காலம் ஓட்டினோம்.

டாக்டரம்மா என்னைவிட இளையவர். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசினார். அன்று ஊசி போட்டு என் மூச்சு சீரானதும், “வாற மாசம் இதே கிழமை வாங்கோ” என்றார்.

“அதுக்குள்ள இழுப்பு வந்துட்டா வர்றேன் டாக்டர்.”

“வராட்டிலும் வாங்கோ. நல்லா இருக்கேக்கதான் உங்களோட கதைக்கலாம்.”

அடுத்த மாதம் போனேன். இருமலும் காய்ச்சலுமாக இருந்தவர்கள் நடுவே எந்தக் கோளாறும் இல்லாமல் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. உள்ளே போனதும் அவர் ஊசியைத் தொடவே இல்லை. கேள்வி கேட்டார். எந்த வேளையில் இழுக்கிறது, எதற்குப் பிறகு இழுக்கிறது, தலையணையில் என்ன பஞ்சு, வீட்டில் சாம்பிராணி போடுகிறார்களா. கடையில் மிளகாய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டும் நாளிலெல்லாம் மாலையில் எனக்கு நெஞ்சு இறுகுவதை, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நானே கண்டுகொண்டேன்.

ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் கருவியைக் கொடுத்தார். குமிழை அமுக்கினால் மருந்து புகைபோல வரும். அதை வாய் வழியாக உள்ளே இழுக்க வேண்டும்.

“எனக்கு முன்னால செய்து காட்டுங்கோ.”

செய்தேன்.

“மருந்து முழுக்க என்ர பக்கம் வந்திட்டுது” என்றார் அவர், சிரிக்காமல். “மூச்சை உள்ளுக்கு இழுக்கேக்க அமத்துங்கோ. விடேக்க இல்லை.”

அதன்பின் ஒவ்வொரு மாதமும் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான். சரியாகச் செய்தால், ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் “ஓம்” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே என் அறையில் பழகிப் பார்ப்பேன்.

முதலாளியிடம் மிளகாய் விஷயத்தைச் சொன்னேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்யவா என்று கேட்டேன்.

“மூக்கைக் கட்டிக்கிட்டு நின்னா சாமான் வாங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க தம்பி? நீங்க அந்தக் கடைக்குப் போயிடுங்க” என்றார்.

அந்தக் கடை என்றால் அதே தெருவில் அவர் வைத்திருந்த பீங்கான், மங்குச் சாமான் கடை. அங்கே தூசி இல்லை. ஆளும் இல்லை. மளிகைக் கடையில் நாள் முழுக்கப் பேச்சும் சத்தமுமாக இருக்கும். இங்கே தட்டுகளைத் துடைத்து அடுக்கிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இழுப்பு குறைந்தது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்றாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் டாக்டரம்மா, “அடுத்த முறை வரேக்க வீட்டிலயிருந்து ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. கடுமையா வந்தால் என்ன செய்யவேணும் எண்டு அவையளுக்கும் தெரியவேணும்” என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த மாதம் முழுக்க யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். முதலாளிக்கு நேரம் ஏது? மளிகைக் கடையில் கூட வேலை பார்த்தவர்கள், நான் கடை மாறியதும் கையசைப்பதோடு சரி. கடைசியில் தனியாகத்தான் போனேன். அடுத்த மாதமும் அப்படியே.

“வீட்டில ஆர் இருக்கினம்?”

“யாரும் இல்ல டாக்டர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப தனிய இருக்கிற ஆளுக்கு எண்டு ஒரு வழி பாப்பம்” என்றார்.

மருந்துக் கருவி எப்போதும் ஒரே இடத்தில், படுத்தபடியே கைக்கு எட்ட வேண்டும். கதவைத் தாழ்போடக் கூடாது. இழுப்பு வந்தால் படுக்காமல், முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மருந்தை இழுக்க வேண்டும். “ஒரு வசனத்தை ஒரே மூச்சில சொல்லி முடிக்க ஏலாட்டி, பிறகு வீட்டில நிக்கக் கூடாது. உடன இஞ்ச வாங்கோ.”

“நான் பேசவே மாட்டேனே டாக்டர். பேச முடியலன்னு எப்படித் தெரியும்?”

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னார்: “காலமை எழும்பினவுடன சத்தமா ஒரு வசனம் சொல்லுங்கோ. ஒவ்வொரு நாளும் அதே வசனம்.”

மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று வெகுநேரம் தெரியவில்லை. யாரிடம் சொல்வது போலச் சொல்வது? கடைசியில், “நான் எழுந்துட்டேன், முகம் கழுவிட்டுத் தேத்தண்ணி குடிச்சுட்டு கடைக்குப் போகப்போறேன்” என்றேன். என் குரல் அந்த அறையில் வேறு யாருடையதோ போல இருந்தது. தினமும் சொன்னேன்.

சில நாள் கழித்து மாமி கதவருகே வந்து நின்றார். “லூ சக்காப் சாமா சியாப்பா?” யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். கண்கள் அறையின் மூலைகளைத் தேடின.

“சோராங் சாஜா, மாமி” என்றேன். நான் மட்டும்தான்.

அவருக்கு அது போதவில்லை. கருவியைக் காட்டினேன், நெஞ்சைத் தொட்டு, மூச்சு முட்டுவதுபோல நடித்தேன். எனக்குத் தெரிந்த மலாயை எல்லாம் கொட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனார். மறுநாள் என் வாக்கியம் முடிந்ததும் அடுக்களையிலிருந்து “யா”, சரி, என்று மாமியின் குரல் வந்தது. அவ்வளவுதான். அன்று கடைக்கு நடந்து போகும்போது எனக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது.

மழைக்காலத்தில் ஒரு காலை, “முகம் கழுவிட்டு” என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன், அதுவரைகூட வரவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கருவியை எடுத்தேன். கை பதறவில்லை. மருந்து உள்ளே போனது, ஆனாலும் போதவில்லை. கதவு திறந்தது. மாமி என் முகத்தைப் பார்த்ததும் திரும்பித் தெருவுக்கு ஓடினார். பெச்சாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வழி நெடுக முதுகில் கை வைத்திருந்தார்.

“நேரத்துக்கு வந்திட்டியள்” என்றார் டாக்டரம்மா. பிறகு மாமியைப் பார்த்தார். “இவ ஆர்?”

நான் பதில் சொல்வதற்குள் மாமி மலாயில் ஏதோ சொல்லிவிட்டார். டாக்டரம்மாவும் மலாயில் கேட்டார். இருவரும் என் தலைக்கு மேலே வெகுநேரம் பேசினார்கள். பாதிதான் விளங்கியது. சாம்பிராணி என்பதும் தலையணை என்பதும் காதில் விழுந்தன. அன்று முதல் மாமி சாம்பிராணியை முன்வாசலில் வைத்துப் போட்டார். என் தலையணையின் இலவம்பஞ்சைப் பிரித்தெடுத்துவிட்டு, துவைத்த பழந்துணிகளைத் திணித்துத் தைத்துத் தந்தார்.

அடுத்த வருஷம் டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். மாமியையும் அவருடைய மகள் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டாள். வீட்டை வேறொரு குடும்பம் எடுத்தது. நல்லவர்கள்தான். ஆனால் காலையில் வானொலியைச் சத்தமாக வைப்பார்கள், என் வாக்கியம் யார் காதிலும் விழாது.

புதிதாக வந்த டாக்டர் அவசரக்காரர். நன்றாக இருக்கும் நாளில் போய் உட்கார்ந்தபோது, “உனக்கு என்ன செய்கிறது?” என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, மாதா மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். வேண்டியதில்லை என்று மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நேரே போக மனம் வரவில்லை. மருந்துச் சன்னலுக்கு எதிரே, அழைத்துவந்தவர்களும் அழைத்துவரப்பட்டவர்களுமாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு ஓரமாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடை திறக்கப் போனேன்.