ஸ்டெல்லாவைக் கேட்டு வந்தவள்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சமூகப் பணியில் பட்டமும் வாங்கினேன். ஆனால் ஆரணியில் எங்கள் ஆலோசனை மையத்துக்கு வரும் பெண்கள், என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவைத்தான் தேடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஸ்டெல்லா விடுப்பிலிருந்த ஒரு நாள், கணவனிடம் அடிபட்டு அடிக்கடி வரும் தறிக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஸ்டெல்லாக்கா இல்லீங்களா?"

"நான் இருக்கேனே, சொல்லுங்க."

"நீங்க எழுதிகினே இருப்பீங்க. அந்தக்காதான் மூஞ்சப் பாத்துப் பேசும். இனிமே வரமாட்டேன்னு சொல்லிடுங்க. கொயந்தைய எங்கம்மாகிட்ட வுட்டுட்டேன்."

போனால் போகட்டும் என்றிருந்தேன். குழந்தையைப் பற்றிச் சொன்னது சட்டென்று உறைத்தது. ஓடிப்போய் மறித்து, "சாகணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டேன். உடைந்து அழுதாள். தனியே விடாமல் பக்கத்திலிருந்தே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து வரவழைத்தேன். ஸ்டெல்லாவின் தோளில்தான் அந்தப் பெண் சாய்ந்தாள்.

இப்போது கலங்கி வருபவர்களிடம், "யாரை வரச் சொல்லட்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் ஸ்டெல்லா பெயர்தான் வருகிறது. வயிறு எரிந்தாலும் போனை எடுத்துவிடுகிறேன்.